எல்லைக் கல் நகர்ந்ததா?

ஊரை விட்டுப் பத்து ஆண்டுகள் பிரிந்திருந்து திரும்பி வருகிறவன் முதலில் எதைத் தேடுவான்? வீட்டை என்று வாசகர்கள் சொல்லக்கூடும். சம்பூருக்குத் திரும்பிய எங்களிற் பலருக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. வீடென்று தேடுவதற்கு அங்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நாங்கள் தேடியவை இரண்டு: ஒன்று கிணறு, மற்றது எல்லைக் கல். கிணறு அகப்பட்டால் வளவு எது என்பது தெரிந்துவிடும். கல் அகப்பட்டால் அது எதுவரை என்பது தெரிந்துவிடும்.

2006 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நாங்கள் விட்டுப்போன காணிகள், 2015, 2016 ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாகத் திரும்பக் கிடைத்தன. கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களிற் காலந்தள்ளியவர்கள் வந்து பார்த்தபோது, கிளுவை வேலிகள் போன இடம் தெரியவில்லை. எங்கள் பெரியப்பாவின் வளவிலே கிணற்றுக் கட்டும், தென்கிழக்கு மூலையிற் பாதி புதைந்த ஒரு கல்லும் மாத்திரம் இருந்தன. அந்தக் கல்லே தகராறுக்குக் காரணமாயிற்று.

"கல்லு முந்தி நிண்ட இடத்தில இல்லை. ஆரோ ஒரு முழம் தள்ளி நட்டிருக்கினம்" என்றார் பக்கத்து வளவுக்காரர்.

"கல்லுக்கு என்ன, கால் முளைச்சதோ?" என்றார் பெரியப்பா.

இருவரும் முகாமிலே ஒரே குழாயடியில் வரிசையில் நின்றவர்கள். ஒரு முழ மண்ணுக்காக மூன்று மாதம் முகங்கொடுத்துப் பேசாதிருந்தார்கள்.

கடைசியில் நில அளவையாளர் ஒருவர் அழைக்கப்பட்டார். சங்கிலியை எதிர்பார்த்து வேடிக்கை பார்க்கக் கூடிய சிறுவர்கள் ஏமாந்தார்கள். அவர் கொண்டு வந்தது ஒரு முக்காலியும், அதன் உச்சியில் வெள்ளைக் காளான் போன்ற ஒரு கருவியும், கையிற் பிடிக்கும் நீண்ட கோலொன்றில் அதைப் போன்ற இன்னொன்றுமே. "இது வானத்திலயிருந்து எங்கட வேலியைப் பார்க்குதோ, தம்பி?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார். கல்லூரியிற் பௌதிகம் படிப்பிக்கிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக, ஊரிலே விளங்காத இயந்திரம் எது வந்தாலும் பதில் சொல்லவேண்டியவன் நானே. அன்று அவருக்குச் சொன்னதையும், பின்னர் தேடிப் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வானத்து மணிக்கூடுகள்

முதலாவது, வானத்திலிருந்து யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. நாமே வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றிவரும் செய்மதிகள் உள்ளன. ஜி.பி.எஸ். என்று அமெரிக்கர் பெயரிட்ட இத்தொகுதிக்குக் குறைந்தது 24 செய்மதிகள் வேண்டும். 1995 ஆம் ஆண்டில் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது. ரஷ்யரும் ஐரோப்பியரும் சீனரும் தமக்கெனத் தனித் தொகுதிகள் வைத்திருக்கின்றனர். இந்தியாவும் தன் பிரதேசத்துக்கென ஒன்றை அமைத்துள்ளது. ஒவ்வொரு செய்மதியும் உண்மையில் வானத்தில் மாட்டிய ஒரு மணிக்கூடு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று ஓயாது வானொலியிற் கூவிக்கொண்டிருப்பதே அதன் தொழில்.

அந்தக் கூவல் நம்மை வந்தடையச் சிறிது நேரம் செல்கிறது. எவ்வளவு நேரம் சென்றதென்று தெரிந்தால், ஒளியின் வேகத்தாற் பெருக்கித் தூரத்தைக் கண்டுகொள்ளலாம். மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். நம் கைக்கருவியின் மணிக்கூடு மலிவானது. அதன் பிழையைத் திருத்த நாலாவது செய்மதியொன்றும் வேண்டும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் ஒளி, ஒரு செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் 30 சென்ரிமீற்றர் ஓடிவிடுகிறது. ஆகவே நேரத்தில் அத்தனை சிறு தவறு நேர்ந்தாலும் தூரத்தில் ஓரடி பிழைக்கும். (மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி அந்த வானத்து மணிக்கூடுகள் நாளொன்றுக்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடும். அதற்கேற்ப அவற்றைத் திருத்தாவிடில், ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றர் வரை பிழை சேர்ந்துவிடும். சார்புக் கொள்கை பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று.)

இந்த யோசனைக்கும் நம் திருக்கோணமலைக்கும் ஓர் உறவு உண்டு. கோணேசர் ஆலயம் நிற்கும் சுவாமி மலையின் அடியிலே, கடலுக்குள் கிடக்கும் தூண்களையும் சிற்பக் கற்களையும் 1956 ஆம் ஆண்டில் மூழ்கிக் கண்டவர் மைக் வில்சன். அவருடைய நண்பர், இலங்கையிற் குடியேறிய ஆங்கில விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அந்நீரடி ஆய்வுகளைத் தம் நூலொன்றிலே விவரித்திருக்கிறார். அக்கற்கள் நிலம் அமிழ்ந்ததாற் கடலுட் போனவை என்று சொல்வார் உண்டு. அப்படியன்று, 17 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்துத் தள்ளியதால் வந்த கோலம் அது. அதே 1956 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, உலகின் முதற் செய்மதி ஏவப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்னரே, கிளார்க் எழுதிய கடிதமொன்றில், விண்ணிலே சுற்றும் நிலையங்களின் துணையால், கைக்கடிகாரம் அளவான கருவியொன்றைக் கொண்டு பூமியில் எவரும் தாம் நிற்கும் இடத்தை அறியும் காலம் வரக்கூடுமென்று குறிப்பிட்டிருக்கிறார். இன்று பத்து வயதுப் பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசியும் அதைச் செய்கிறது.

முடிச்சுக் கயிறு

எனினும் தொலைபேசி காட்டும் இடம் சில மீற்றர் முன்பின்னாகவே இருக்கும். வீதியைக் கண்டுபிடிக்க அது போதும். வேலியைக் கண்டுபிடிக்கப் போதாது. நிலம் ஓராண்டில் எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது என்று கேட்பவருக்கோ அது எள்ளளவும் பயன்படாது. அவர்கள் வேறொரு தந்திரம் செய்கிறார்கள். கூவலிற் சொல்லப்படும் செய்தியை விட்டுவிட்டு, செய்தியைச் சுமந்து வரும் அலையையே அளக்கிறார்கள்.

அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. செய்மதியிலிருந்து நம் கைவரைக்கும், சாணுக்கொரு முடிச்சிட்ட கயிறு ஒன்று தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி முடிச்சுக்கும் நம் விரலுக்கும் இடையே உள்ள துண்டை நல்ல கருவி அலையின் நூற்றிலொரு பங்கு வரை, அதாவது 2 மில்லிமீற்றர் வரை, நுட்பமாக அளந்துவிடும். ஆனால் மேலே எத்தனை முடிச்சுகள் உள்ளன என்பது அதற்குத் தெரியாது. அவை பத்துக் கோடிக்கு மேற்பட்டவை! செய்மதி வானத்தில் ஓடிக்கொண்டே இருப்பது இங்கே நமக்கு நன்மையாகிறது. கயிறு நீள்வதையும் சுருங்குவதையும் விடாது கவனித்து, பல செய்மதிகளின் கயிறுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், எல்லாவற்றுக்கும் பொருந்தி வரும் முடிச்சுக் கணக்கு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும்.

இதற்கப்பாலும் இடையூறுகள் உண்டு. மேல்வானத்து மின்னேற்றப் படலம் அலையைத் தாமதிக்கச் செய்கிறது. அதைக் கணிப்பதற்கென்றே 24 சென்ரிமீற்றர் நீளமுள்ள இரண்டாவது அலையும் அனுப்பப்படுகிறது. கீழ்வானத்து நீராவி மற்றொரு தொல்லை. மாரியிலே எங்கள் கரையில் வீசும் ஈரக் காற்று இதற்குப் பெரும் சத்துரு. உயரத்தை அளப்பது பக்கவாட்டை அளப்பதைவிடக் கடினமாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாவற்றிலும் வியப்பானது, திடமான தரையே கடலைப் போலச் சந்திரனாலும் சூரியனாலும் இழுக்கப்பட்டு நாள்தோறும் ஏறி இறங்குவது. பூமத்திய ரேகையை அடுத்த நம் நாட்டிலே அந்த ஏற்றவிறக்கம் ஒன்றரைச் சாண் அளவை எட்டும். நாமும் வீடும் மரமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் ஒருவருக்கும் தெரிவதில்லை. மில்லிமீற்றரைத் தேடுகிறவர் முதலில் இந்த ஏற்றவிறக்கத்தைக் கணித்துக் கழிக்கவேண்டும்.

அதன் பின் வேண்டியது பொறுமை. கருவியின் தலையைக் கருங்கற் பாறையில் துளையிட்டு உறுதியாகப் பொருத்துவார்கள். கொட்டியாரக் குடாவின் கரை மணலில் நட்டால் மணலின் நடையைத்தான் அளக்கலாம். நாட்டின் நடையை அளக்க முடியாது. நாள் முழுவதும் கேட்டதை ஒரு புள்ளியாகச் சுருக்கி, நாளுக்கொரு புள்ளியாகக் குறித்துக்கொண்டு போவார்கள். இன்றைய புள்ளி நேற்றையதிலிருந்து சில மில்லிமீற்றர் மேலும் கீழுமாகத் துள்ளும். ஒரு மாதம் பார்த்தாற் குழப்பமே மிஞ்சும். மூன்று நான்கு ஆண்டுகள் பார்த்தால் அந்தப் புள்ளிக் கூட்டத்தினூடே ஒரு சரிந்த கோடு தெளிந்து வரும். அதுவே நிலத்தின் நடை.

நடக்கும் தீவு

பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உள்ள நிலையம் இப்படிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது வடகிழக்குத் திசையாக ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரைச் சென்ரிமீற்றர் நகர்வதாகப் பதிவுகள் காட்டுகின்றன. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலத்தட்டின் மேல் அமர்ந்தவை. ஆதலால் அந்த நடையே நம் நடையும். வாசகர்கள் இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்கிய காலை முதல் அடுத்த ஞாயிறு வரைக்குள், தேசம் முழுவதும் ஒரு மில்லிமீற்றர் அளவு இடம் பெயர்ந்திருக்கும்.

இந்தக் கணக்கைச் செய்து பார்த்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2006 முதல் 2016 வரை பத்து ஆண்டுகள். ஆண்டுக்கு ஐந்தரை என்றால், ஐம்பத்தைந்து சென்ரிமீற்றர். ஒரு முழத்துக்கும் அதிகம்! பெரியப்பாவும் அயலவரும் எந்த அளவு மண்ணுக்குச் சண்டையிட்டார்களோ அதற்கு மேலாகவே, சம்பூர் முழுவதும், கிணறும் கல்லும் உட்பட, நாங்கள் இல்லாத நேரம் பார்த்து நடந்துவிட்டிருந்தது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப நாங்கள் விட்டுப்போன இடத்துக்கு வரேல்லையோ?" என்று கேட்டார். பௌதிகப் புத்தகத்திலே இதற்கு விடையில்லை.

ஆனால் எல்லைத் தகராறுக்கு விடை உண்டு. கல் மாத்திரம் நடக்கவில்லை. கிணறும், பக்கத்து வளவும், மூதூரும், பிதுருதலாகலை மலையும் ஒருமித்து நடந்தன. இலங்கை நில அளவையாளர் தம் கணக்கைப் பிதுருதலாகலையை மூலப்புள்ளியாகக் கொண்ட கட்டத்திலே குறிக்கின்றனர். எல்லோரும் ஒரே கப்பலிற் பயணம் செய்யும்போது, என் இருக்கைக்கும் உங்கள் இருக்கைக்கும் இடையிலுள்ள தூரம் மாறுவதில்லை அன்றோ? கப்பலின் இடத்தைக் கடலில் வைத்துக் குறித்தாற்றான் மாற்றம் தெரியும். ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏழு சென்ரிமீற்றர் போகிறது. அந்நாட்டார் 1994 ஆம் ஆண்டில் நிலைநிறுத்திய கட்டம் 2020 க்குள் 1.8 மீற்றர் விலகிப்போனமையால், அதைத் திருத்தி அமைக்க நேர்ந்தது.

நம் கப்பல் உள்ளே விரிசலின்றி இருக்கிறதா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தமிழ்நாட்டின் குன்றுகளின் மேல் ஏறி முக்கோணம் முக்கோணமாக அளந்து வைத்த புள்ளிகளை, 1994 ஆம் ஆண்டில் இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் செய்மதிக் கருவிகளுடன் தேடிப்போய் மீண்டும் அளந்தனர். ஏறத்தாழ 130 ஆண்டுகளில் அப்புள்ளிகளிடையே உண்டான இழுவை கிலோமீற்றருக்குச் சில மில்லிமீற்றருக்கு மேற்படவில்லை. தேயிலையும் தென்னையும் விளையும் இத்தென்பகுதி மிக அமைதியான பாறையின் மேல் உள்ளது என்பதற்கு அது சாட்சி. அந்நாளையக் கணிப்பாளர்கள் கண்ணாடிக் குழாயும் பித்தளைக் கருவியும் கொண்டு எவ்வளவு சரியாக அளந்தார்கள் என்பதற்கும் அதுவே சாட்சி.

ஒன்று நகர மற்றது நின்றால்

தீங்கு வருவது, ஒன்று நகர அதன் அயல் நகராது நிற்கும்போது. இந்தியத் தட்டு இமயத்தில் முட்டி ஆண்டுக்கு இரண்டு சென்ரிமீற்றர் அளவு அங்கே நெருங்குகிறது. கிழக்கே அந்தமான், சுமாத்திரா கரையில் அது அயல் தட்டின் கீழே புகவேண்டும். புகாமல் இரண்டும் பிணைந்து நின்றால், ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றராகச் சேரும் கடன் நூறாண்டில் மீற்றர்க் கணக்காகிவிடும். அந்தக் கடன் 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாட்காலை ஏழு மணியளவில் ஒரேயடியாக அறவிடப்பட்டது. கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறை பிளந்தது. அந்தமானின் போர்ட் பிளேயர் மூன்று மீற்றர் அளவு இடம்பெயர்ந்து, ஏறக்குறைய ஒரு மீற்றர் கீழிறங்கியது. எவ்வளவோ தொலைவிலுள்ள பெங்களூர் நிலையமும் ஒரு சென்ரிமீற்றர் அளவு கிழக்கே இழுபட்டது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் எங்கள் கரையோரக் கிராமங்களிலும் அன்று நேர்ந்ததை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. படிக்கிறவர்களிற் பலர் அதைக் கண்டவர்கள். நான் சொல்ல வேண்டியது மணிக்கணக்கைப் பற்றியது. அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. பூகம்பம் நிகழ்ந்து பதினைந்து நிமிடங்களில் ஹவாயிலுள்ள நிலையம் வெளியிட்ட முதல் அறிவித்தல் அதன் அளவை 8.0 என்றே குறித்தது. ஒரு மணி நேரத்தின் பின் 8.5 என்றது. மெய்யான அளவோ 9 க்கு மேல். பூகம்பமானியின் அதிர்வுக் கோடுகளை மட்டும் பார்த்து அத்தகைய பெரும் பூகம்பத்தை விரைவில் எடைபோடுவது கடினம். அளவில் ஒன்று கூடினால், வெளிப்படும் சக்தி முப்பது மடங்கு கூடும் என்பதை நினைவிற் கொள்க.

2006 ஆம் ஆண்டில் ஒரு விஞ்ஞானிகள் குழு, அன்று இயங்கிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். நிலையங்களின் பதிவுகளையே எடுத்து மீண்டும் கணித்துப் பார்த்தது. நிலம் எங்கெங்கே எவ்வளவு விலகி நின்றது என்பதைக் கொண்டு, அந்தப் பூகம்பத்தின் உண்மையான அளவைப் பதினைந்து நிமிடங்களுக்குள் கூறியிருக்க முடியும் என்பதே அவர்கள் முடிவு. ஆண்டுக்கணக்கில் நிலத்தின் நத்தை நடையைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே கருவி, அதே கணக்கு. அன்று அவற்றை உடனுக்குடன் வாங்கிக் கணிக்க ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை. பதினைந்து நிமிடம் போக மிஞ்சியிருந்த நேரத்தைப் பற்றி நினைக்காமல் என்னால் அந்தக் கட்டுரையைப் படிக்க இயலவில்லை. ஹைதராபாத்தில் 2007 ஆம் ஆண்டிற் சுனாமி எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. அந்தமானிலும் நிக்கோபாரிலும் இத்தகைய செய்மதிக் கருவிகளை நட்டிருக்கின்றனர்.

கடலை விட்டு மலைநாட்டுக்குப் போனால், அங்கே அயல் அயலாக நில்லாத நிலம் இன்னும் சிறிய அளவிலே, இன்னும் அருகிலே இருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையிலே 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் தேதி காலையில் மலைச்சரிவு இறங்கித் தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் "ஆபத்தான இடம்" என்ற பொதுவான சொல்லைக் கேட்டு, வேறு வீடில்லாதவன் எங்கே போவான்? "நேற்றிரவு உன் வீட்டுக்கு மேலே நிலம் இவ்வளவு இறங்கியது, இன்று அதனிலும் விரைவாக இறங்குகிறது" என்று சொல்லக்கூடிய எச்சரிக்கை வேறு வகைப்பட்டது. பல சரிவுகள் முற்றாக இறங்குமுன் மெல்ல ஊர்கின்றன. ஊர்தல் வேகம் கொள்வதே அபாயக் குறி. வெடிப்பின் இருபுறமும் கம்பி கட்டி அளக்கும் கருவிகளும் மழைமானிகளும் நம் மலைநாட்டிற் பயன்பட்டு வருகின்றன. சரிவின் மேல் ஒரு செய்மதிக் கருவியும், அசையாத பாறையில் இன்னொன்றும் வைத்து இரண்டின் வித்தியாசத்தை மாத்திரம் கவனிப்பது, அத்துடன் சேரவேண்டிய முறை. முன்பு பெருஞ்செலவு பிடித்த இக்கருவிகள் இப்போது மலிந்து வருகின்றன. கருவியைவிடக் கடினமானது, அது சத்தமிடும் இரவில் ஏறிப் போய் இருக்க ஒரு கூரையை முன்னமே அமைத்துவைப்பது.

இனிப் பெரியப்பாவின் கல்லுக்கு வருவோம். நில அளவையாளர் செய்ததும் அதே வித்தியாசக் கணக்குத்தான். முக்காலிக் கருவியை ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு புள்ளியில் நிறுத்தினார். கோலை வளவுக்குள் எடுத்துவந்தார். இரண்டுக்கும் ஒரே வானம், ஒரே ஈரக் காற்று. ஆதலால் இரண்டின் பிழையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கிணற்றுக் கட்டிலும், ஒழுங்கை முனையில் மண்ணுக்குள் அகப்பட்ட வேறு இரண்டு கற்களிலும் கோலை ஊன்றிப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டார். கடைசியாகத் தகராற்றுக் கல்லில் ஊன்றினார்.

கல் இருக்கவேண்டிய இடத்துக்கு மூன்று விரற்கடை வடக்கே சாய்ந்திருந்தது. ஏதோ கனரக வாகனம் ஏறியதாற் சாய்ந்திருக்கலாம் என்றார் அவர். ஒரு முழம் என்றவரும் தோற்றார். கால் முளைக்குமோ என்றவரும் தோற்றார்.

அன்று பின்னேரம் அயலவர் தம் மகனுடன் கிளுவைக் கதியால் ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்தார். கயிறு கட்டி இருபுறமும் பிடித்து வரிசையாக நட்டார்கள். ஒவ்வொரு கதியாலையும் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்த பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுவும் சேர்ந்து போகுமோ?" என்றார்.

போகும் என்றேன்.